‘உவன் இன்னும் சாகேல்லையோ, தம்பி?’: படங்கள் ஏன் முடியாமல் இழுபடுகின்றன

2023 தொடக்கத்தில் ஒரு சனிக்கிழமை. எரிபொருளைக் கியூஆர் குறியீடு காட்டி அளவாகப் பங்கிட்டு வாங்கிய காலம், ஆட்டோக்காரர்கள் லீட்டரை எண்ணி எண்ணி ஓடிய நாட்கள். மாமியும் நானும் மச்சானும் கொழும்பு வெள்ளவத்தையிலிருந்து 6.30 காட்சிக்குப் போனோம். பெரிய நடிகர், பெரிய செலவு, மூன்று மணித்தியாலத்துக்கு ஐந்து நிமிடம் குறைவு. படத்தின் பெயரைச் சொல்லி இப்போது யாரோடும் சண்டை பிடிக்க விருப்பமில்லை. இடைவேளை முடிந்து ஒன்றேகால் மணித்தியாலம் ஓடியிருக்கும். வில்லன் மூன்றாவது தடவையாக விழுந்து மூன்றாவது தடவையாக எழும்பினான். மாமி என் பக்கம் சாய்ந்து மெதுவாகத்தான் கேட்டார்: “உவன் இன்னும் சாகேல்லையோ, தம்பி?”

முன் வரிசையில் நாலு பேர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். அந்த இரண்டாம் பாதியில் சபை சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

வெளியே வந்து ஆட்டோவுக்கு நின்றபோது மச்சான் கைத்தொலைபேசியில் படத்தின் நீளத்தைத் தேடிப் பார்த்துவிட்டு, “நாலு மணித்தியாலம் எண்டெல்லோ நினைச்சன்” என்றான். அவன் சொன்னதுதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். கடிகாரத்தில் ஒரு நீளம், உடம்பில் இன்னொரு நீளம். இரண்டும் எப்போது பிரிகின்றன? அதைவிட முக்கியமாக, வேண்டாத அந்த அரை மணித்தியாலம் யார் சொல்லிப் படத்துக்குள் வருகிறது?

நீளமே குற்றம் என்று சொல்ல முடியாது. 2024 டிசம்பரில் வந்த ‘புஷ்பா 2’ 200 நிமிடம். கொழும்பில் அதைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் என்னவெல்லாமோ குறை சொன்னார்கள், நீளத்தைச் சொன்னவர்கள் குறைவு. 2023 இல் வந்த ‘ஒப்பன்ஹைமர்’ 180 நிமிடம், அதிலும் பெரும்பகுதி அறைக்குள் இருந்து கதைக்கிற ஆட்கள். சனம் இருந்து பார்த்தது. மறுபக்கம், 120 நிமிடப் படம் ஒன்றில் நாற்பதாவது நிமிடத்திலேயே நான் கதவுக்கு மேலே எரியும் பச்சை விளக்கைப் பார்க்கத் தொடங்கியிருக்கிறேன். அடுத்து என்ன என்று ஒரு ஆவல் இருக்கும்வரை நேரம் தெரியாது. அது போனதும் கதிரையின் கைப்பிடி தெரியும், குளிரூட்டி கூடிப்போனது தெரியும், பக்கத்து ஆள் கச்சான் கொறிப்பது தெரியும்.

முதலில் பழைய கணக்கு. படச்சுருள் காலத்தில் நீளத்தை நிமிடத்தில் சொல்லமாட்டார்கள், அடியில் சொல்வார்கள். 35 மில்லிமீற்றர் சுருளில் ஒரு அடிக்கு 16 சட்டங்கள், அதாவது பிரேம்கள். விநாடிக்கு 24 சட்டம் ஓடினால் ஒரு நிமிடத்துக்கு 90 அடி. ஆயிரம் அடி ரீல் ஒன்று பதினொரு நிமிடம். 15,000 அடிப் படம் என்றால் இரண்டே முக்கால் மணித்தியாலத்துக்குச் சற்றுமேல். ஒவ்வொரு அடிக்கும் விலை உண்டு. அதுவும் இரண்டு தடவை: எடுக்கும்போது ஒரு தடவை, பிறகு ஊர் ஊராக அனுப்பப் பிரதி போடும்போது இன்னொரு தடவை. எடிட்டர் ஒரு காட்சியை வெட்டலாம் என்று சொன்னால் தயாரிப்பாளரின் காதில் அது காசாக விழும். இயக்குநர் முறைத்தாலும் எடிட்டருக்கு ஒரு ஆள் துணை இருந்தார்.

இந்த அடிக்கணக்கைச் சட்டமாகவே போட்ட காலமும் இருந்தது. ஆரம்பகாலத் தமிழ்ப் பேசும்படங்கள் மேடை நாடகத்தைப் போலவே நீண்டு, பாட்டுக்கு மேல் பாட்டாக, மூன்று மணித்தியாலத்தைச் சாதாரணமாகத் தாண்டும். இரண்டாம் உலகப் போரில் கச்சாப் படச்சுருள் தட்டுப்பட்டபோது பிரிட்டிஷ் இந்திய அரசு ஒரு படம் 11,000 அடிக்கு மேல் போகக்கூடாது என்று கட்டுப்பாடு போட்டது. ஏறத்தாழ 122 நிமிடம். தயாரிப்பாளர்களுக்கு அது பெரிய அடி. ஆனால் 1944 தீபாவளிக்கு வந்து, சென்னை பிராட்வே திரையரங்கில் மூன்று தீபாவளி கண்ட ‘ஹரிதாஸ்’ அந்த அளவுக்குள் அடங்கிய படம்தான். அத்தனை பாட்டையும் வைத்துக்கொண்டு இரண்டு மணித்தியால அளவில் கதையை முடித்திருக்கிறார்கள். போர் முடிந்தது, கட்டுப்பாடு போனது, படங்கள் மறுபடி வளர்ந்தன.

கொழும்பில் அந்த வளர்ச்சிக்கு ஒரு வசதியான இடம் காத்திருந்தது. பழைய பத்திரிகைகளின் பட விளம்பரத்தைப் பாருங்கள்: 10.30, 2.30, 6.30. காட்சிக்குக் காட்சி நாலு மணித்தியாலம். அதில் விளம்பரம், இடைவேளை, சனத்தை வெளியே விட்டுக் கூட்டி அடுத்த சனத்தை உள்ளே எடுக்கும் நேரம் எல்லாம் கழித்தால் மூன்று மணித்தியாலத்துக்குக் கிட்டவாக ஒரு பெட்டி மிஞ்சும். இரண்டு மணித்தியாலப் படம் போட்டால் தியேட்டர் சும்மா கிடக்கும். வருகிறவர்களும் குடும்பமாக, பஸ் ஏறி, பிள்ளைக்குப் பால் போத்தலோடு வருகிறவர்கள். கலரியோ ஓடிசியோ பல்கனியோ, எந்த வகுப்பு டிக்கெட் என்றாலும் கொடுத்த காசுக்கு அழுகை, சிரிப்பு, சண்டை, பாட்டு நாலும் வேண்டும். சோத்துப் பார்சல் மாதிரி. பருப்பு, ஒரு மரக்கறி, ஒரு கீரை, ஒரு பொரியல் இல்லாமல் பார்சல் கட்டினால் கடைக்காரனோடு யார் சண்டைக்குப் போகமாட்டார்கள்? இரண்டே முக்கால் மணித்தியாலம் என்பது தமிழ்ப் படத்தின் இயல்பான அளவாக நிலைத்ததற்கு கலைக் காரணத்தைவிட இந்த நேர அட்டவணைக்கும் பஸ் கட்டணத்துக்கும் பங்கு அதிகம் என்று நினைக்கிறேன்.

படம் அளவு மீறினால் இங்கேயே ஒரு எடிட்டர் இருந்தார், தியேட்டர் ஒப்பரேட்டர். கொட்டாஞ்சேனைப் பக்கத்தில் நெடுங்காலம் புரொஜெக்டர் ஓட்டிய ஐயா ஒருவரோடு ஒருநாள் பிளேன்டீ குடித்துக்கொண்டு கதைத்தேன். கையை நீட்டிக் காட்டினார். சுருளை வெட்டி, விளிம்பைச் சுரண்டி, பசை தொட்டு, அழுத்திப் பிடித்து ஒட்டிய விரல்கள். பெருவிரல் நகம் இன்னும் ஒரு பக்கம் தேய்ந்திருந்தது.

“கடைசிக் காட்சி பிந்தினா ஒரு பாட்டை எடுத்துப்போடுவம். கடைசி பஸ் போயிடும் எல்லே. வெட்டினதைத் தகரப் பேணிக்குள்ள சுத்தி வைப்பம். அடுத்தநாள் மத்தியானம் திருப்பி ஒட்டுவம்.”

“சனத்துக்குத் தெரியாதா, ஐயா?”

“கொமெடியை வெட்டினாத் தெரியும். கதாநாயகன்ர பாட்டை வெட்டினா கலரி கூரையைப் பிய்க்கும். கதாநாயகி தனிய அழுது பாடுறது எண்டு ஒண்டு வரும். அதை வெட்டினா ஒருத்தரும் கேக்கமாட்டினம்.”

எந்த நிமிடங்கள் சபைக்காகப் படத்தில் இருக்கின்றன, எவை வேறு யாருக்கோ இருக்கின்றன என்பது ஐயாவுக்குக் கத்தரிக்கோல் முனையில் தெரிந்திருந்தது. (அழுது பாடும் கதாநாயகிகளுக்கு அது அநியாயம்தான். அவற்றில் சில அந்தக் காலத்தின் மிக நல்ல பாட்டுகள்.)

கொழும்புக்கு இன்னொரு வடிகட்டியும் இருந்தது. அதை நாங்கள் விரும்பி வைத்துக்கொள்ளவில்லை. சித்தம்பலம் கார்டினரின் சிலோன் தியேட்டர்ஸ், குணரத்தினத்தின் சினமாஸ் லிமிட்டெட் போன்ற நிறுவனங்கள் படங்களை நேரே கொண்டுவந்து ஓட்டிய காலம் 1972 இல் அரச திரைப்படக் கூட்டுத்தாபனம் வந்ததோடு முடிந்தது. இறக்குமதியும் விநியோகமும் அரசின் கைக்குப் போயின, இந்தியப் படங்கள் குறைந்தன, வந்தவையும் பிந்தி வந்தன. 1983 ஜூலை இன வன்முறையில் தமிழர்களுக்குச் சொந்தமான படமாளிகைகளும் ஹெந்தளையில் இருந்த விஜயா ஸ்ரூடியோவும் எரிந்தன. அந்த இழப்பை இந்தக் கட்டுரைக்குள் அடக்க முடியாது. இங்கே சொல்ல வந்தது அதன் ஓரமாக நடந்த ஒன்றை மட்டும். படங்கள் பிந்தி வந்த காலத்தில், தமிழ்நாட்டில் விழுந்த படம் பெரும்பாலும் இங்கே வராது. மதுரையும் கோயம்புத்தூரும் ருசி பார்த்துத் தள்ளியது போக மிச்சம்தான் மருதானைக்கு வந்தது. ‘அந்தக் காலத்துப் படம் எல்லாம் நல்ல படம்’ என்று அப்பாமார் சொல்வதில் இந்த வடிகட்டலுக்கும் ஒரு பங்கு உண்டு.

இப்போது நிலைமை தலைகீழ். சென்னையில் வருகிற அன்றே பம்பலப்பிட்டியிலும் காலிமுகத்திடல் பக்கத்திலும் படம் வருகிறது. விமர்சனம் வருமுன் டிக்கெட் எடுத்தாகிவிடும். முதல் நாள் முதல் காட்சியில் ருசி பார்க்கிற வேலை எங்களுடையது.

இதே காலத்தில்தான் சுருளும் போனது. இன்று படம் தியேட்டருக்கு ஒரு கோப்பாக வருகிறது. 140 நிமிடக் கோப்பை அனுப்புவதற்கும் 180 நிமிடக் கோப்பை அனுப்புவதற்கும் செலவில் பெரிய வித்தியாசமில்லை. படப்பிடிப்பிலும் அப்படித்தான். சுருள் கமெராவில் ஆயிரம் அடி ஏற்றினால் பதினொரு நிமிடத்தில் ‘கட்’ சொல்லியே ஆகவேண்டும், சுருள் தீர்ந்துவிடும். இப்போது கார்ட் நிறையும் வரைக்கும் ஓடலாம். அதனால் எடிட் மேசைக்கு மலைபோலக் காட்சிகள் வந்து சேர்கின்றன, வெளியீட்டுத் தேதியோ பண்டிகையைப் பார்த்து முன்கூட்டியே அறிவித்தாயிற்று. சுருக்குவதற்குத்தான் நேரம் அதிகம் வேண்டும், நீளமாக விட ஒன்றும் வேண்டாம். தயாரிப்பாளரின் காதில் காசாக விழுந்த அந்த அடிக்கணக்கு போனதோடு எடிட்டர் தனித்துப்போனார்.

தியேட்டர் பக்கத்துத் தடையும் தளர்ந்துவிட்டது. ஒரே திரை உள்ள படமாளிகையில் படம் நீண்டால் ஒரு காட்சி குறையும், முதலாளி கத்துவார். பல திரைகள் உள்ள அரங்கில் முதல் வாரம் நாலு திரையைக் கொடுத்துவிட்டால் அந்தக் கணக்கு சரியாகிவிடும்.

கோப்பாக வருவதில் இன்னொரு புதுப் பழக்கமும் பிறந்தது: வெளியிட்ட பிறகு வெட்டுவது. 2022 ஓகஸ்ட் 31 அன்று வந்த ‘கோப்ரா’ 183 நிமிடம். நீளம் என்று முதல் நாளே கூச்சல் எழும்ப 20 நிமிடத்தை எடுத்தார்கள். 2024 ஜூலையில் ‘இந்தியன் 2’ மூன்று மணித்தியாலமாக வந்து சில நாட்களில் 12 நிமிடம் குறைந்தது. அதே ஆண்டு நவம்பரில் ‘கங்குவா’வுக்கும் 12 நிமிடம். அதில் சத்தமும் தாங்கமுடியவில்லை என்று சொன்னதால் ஒலியளவை இரண்டு புள்ளி குறைக்கும்படி தியேட்டர்களைத் தயாரிப்பாளர் கேட்டுக்கொண்டார். பகிடியாகத் தோன்றினாலும் எனக்கு அது பெரிய விஷயமாகப் பட்டது. நீளத்தைப் பற்றிய முறைப்பாட்டில் பாதி உண்மையில் சத்தத்தைப் பற்றியது. ஒரே உச்சத்தில் மூன்று மணித்தியாலம் கத்தினால் காதுக்கு இடைவேளை எங்கே?

இந்த வெட்டுகளால் படம் பிழைத்ததா? மூன்றுமே எழும்பவில்லை. முதல் மூன்று நாளில் பார்த்தவர்கள்தான் ஊருக்குக் கதை சொல்லி முடித்தவர்கள். வெட்டின பதிப்பைப் பார்க்க அவர்கள் திரும்பி வரமாட்டார்கள். அதுபோக, பன்னிரண்டு நிமிடத்தை எங்கிருந்து எடுப்பது? ஒரு பாட்டு, ஒரு கொமெடி, சில நடைகள். அவசரத்தில் வெட்டும்போது காரணம் சொல்லும் காட்சி போய் விளைவு மட்டும் மிஞ்சும். பார்ப்பவருக்கு அப்போது நேரம் குறையும், குழப்பம் கூடும். குழப்பத்தோடு பார்க்கிற இரண்டரை மணித்தியாலம் தெளிவோடு பார்க்கிற மூன்றைவிட நீளம்.

இதற்கு அமெரிக்காவில் ஒரு பழைய பாடம் இருக்கிறது. 1980 இல் ‘ஹெவன்ஸ் கேட்’ என்ற படம் 219 நிமிடத்தோடு வந்து, திட்டு வாங்கி, ஒரு வாரத்திலேயே திருப்பி எடுக்கப்பட்டது. மறு ஆண்டு 149 நிமிடமாக வெட்டி விட்டார்கள். அதுவும் விழுந்தது. பல ஆண்டுகளுக்குப் பிறகு, 2012 வெனிஸ் விழாவில் ஏறத்தாழ முழு நீளத்தோடு புதுப்பித்துக் காட்டியபோதுதான் பலர் அதை நல்ல படம் என்று ஒத்துக்கொண்டார்கள். வெட்டியதில் கெட்டு, நீட்டியதில் தேறிய படம். கத்தரிக்கோலை மட்டும் நம்பினால் இப்படியும் ஆகும்.

சரி, தமிழ்ப் படத்துக்கு வருவோம். வேண்டாத நிமிடங்கள் யாருடையவை என்று பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு சொந்தக்காரர் இருக்கிறார். அறிமுகக் காட்சி ரசிகர் மன்றத்துக்கு. அதில் தவறில்லை, ஐந்து நிமிடம் விசிலடித்துவிட்டுப் போகலாம். ஆனால் இப்போது கதாநாயகன் ஒவ்வொரு காட்சியிலும் அறிமுகமாகிறார். கதவைத் திறந்தால் அறிமுகம், கண்ணாடியைக் கழற்றினால் அறிமுகம். விநாடிக்கு 120 சட்டம் எடுத்து 24 ஆக ஓட்டினால் நாலு விநாடி நடை இருபது விநாடியாகும். ஒரு படத்தில் இப்படி முப்பது நடை இருந்தால் பத்து நிமிடம் வெறும் நடையிலேயே போகும். முன்பு பாட்டு இருந்த இடத்தை இந்த நடை பிடித்துக்கொண்டது. பாட்டுக்காவது ஒரு பிரயோசனம் உண்டு, மூத்திரம் பெய்யப் போய் வரலாம். மெதுவாக நடக்கிறவரை விட்டுவிட்டுப் போனால் திரும்பி வருவதற்குள் யாரையாவது சுட்டுவிடுவாரோ என்று பயம்.

அடுத்த சொந்தக்காரர் சந்தை. ஒரு படம் தமிழ், தெலுங்கு, இந்தி, கன்னடம், மலையாளம் என்று ஐந்து மொழியில் போகவேண்டுமென்றால் ஒவ்வொரு மொழியிலிருந்தும் ஒரு முகம் வேண்டும். முகத்தை வரவழைத்துவிட்டு இரண்டு நிமிடத்தில் அனுப்ப முடியுமா? அவருக்கும் ஒரு அறிமுகம், ஒரு சண்டை, ஒரு வசனம். கதைக்கு அவர் தேவையா என்று கேட்டால் எடிட்டர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். மூன்றாவது சொந்தக்காரர் ஏற்கெனவே செலவழித்த காசு. இரண்டு கோடிக்கு செட் போட்டு எடுத்த பாட்டைப் படம் தாங்கவில்லை என்று எந்தத் தயாரிப்பாளர் தூக்கிப் போடுவார்?

இவற்றையெல்லாம்கூட பொறுத்துக்கொள்ளலாம். எனக்கு மிகக் கோபம் வருவது இடைவேளைக்குப் பிறகு வரும் பிளாஷ்பேக்கில். எங்கள் படங்களில் இடைவேளை வெறும் ஓய்வல்ல, அதற்கென்று ஒரு கட்டமைப்பே உண்டு. முதல் பாதி முழுவதும் அந்தப் புள்ளியை நோக்கி ஓடும். சாதாரண ஆளாக இருந்தவன் யார் என்று தெரியவரும் கணத்தில் திரை இருளும், விளக்கு எரியும், எல்லோரும் பரபரப்போடு ரோல்ஸும் கட்லட்டும் வாங்கப் போவோம். கதை அப்போது உச்சத்தில் நிற்கிறது. திரும்பி வந்து உட்கார்ந்தால், ‘இருபது வருடங்களுக்கு முன்பு’.

கதையின் வயிற்றில் இது விழுந்த இடத்தைக் கவனியுங்கள். அவன் உயிரோடு இருக்கிறான் என்று எங்களுக்குத் தெரியும். மனைவி இப்போது கூட இல்லை, ஆகவே சாகப்போகிறாள் என்றும் தெரியும். யார் துரோகி என்று நடிகரின் முகத்தைப் பார்த்தே மச்சான் சொல்லிவிடுவான். முடிவு தெரிந்த ஒரு கதையை நாற்பது நிமிடம் முதலிலிருந்து சொல்கிறார்கள், அதுவும் புதுக் காதலி, புதுப் பாட்டு, புது வில்லன் என்று இன்னொரு முழுப் படமாக. அங்கே இடைவேளையில் நிறுத்தி வைத்த கதை தெருவில் நிற்கும் ஆட்டோபோல மீற்றரை ஓடவிட்டுக்கொண்டு காத்திருக்கிறது. நாற்பது நிமிடம் கழித்து அதில் ஏறும்போது எங்கே போகப் புறப்பட்டோம் என்பதே மறந்துபோகும். ‘முதல் பாதி சூப்பர், இரண்டாம் பாதி இழுவை’ என்று ஊரெல்லாம் சொல்லும் வாசகத்துக்குப் பெரும்பாலும் இந்த நாற்பது நிமிடமே பொறுப்பு. பிளாஷ்பேக்கைச் சரியாகச் செய்த படங்களும் உண்டு. அவற்றில் பழைய கதை எங்களுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்லும், நாங்கள் நினைத்துக்கொண்டிருந்ததைப் புரட்டிப் போடும். தெரிந்ததை அலங்கரிக்கும் பிளாஷ்பேக்கில்தான் கொட்டாவி வருகிறது.

இப்போது புதிதாகச் சேர்ந்த சொந்தக்காரர் அடுத்த பாகம். மூன்று மணித்தியாலம் இருந்து பார்த்தால் கடைசியில் முடிவுக்குப் பதில் முன்னோட்டம். ‘இந்தியன் 2’ முடிவில் மூன்றாம் பாகத்தின் முன்னோட்டத்தைக் காட்டினார்கள். வீட்டில் தேங்காய்ப்பூவைப் பிழிகிறவர்களுக்கு இது விளங்கும். முதற்பால் கெட்டி, இரண்டாம் பால் பரவாயில்லை, மூன்றாம் பாலை அடுப்பில் காய் அவிக்கத்தான் விடலாம். ஒரு படத்துக்குப் போதுமான கதையை மூன்று தடவை பிழிந்து, மூன்றுக்கும் முதற்பால் விலை சொல்கிறார்கள்.

இவ்வளவும் அந்தப் பக்கம். இந்தப் பக்கம் நாங்கள் ஏன் எழும்பிப் போவதில்லை? மாமி கேட்டுவிட்டுப் போயிருக்கலாமே. யாரும் போகவில்லை. ஒஹாயோ பல்கலைக்கழகத்தில் ஆர்க்ஸ், புளூமர் என்ற இருவர் 1985 இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதற்குப் பொருந்தும். ஒரு ஆண்டு முழுவதற்கும் நாடக டிக்கெட் வாங்கியவர்களில் சிலருக்கு மட்டும், அவர்கள் கேட்காமலேயே விலையைக் குறைத்துக் கொடுத்தார்கள். முதல் பாதி ஆண்டில் முழு விலை கொடுத்தவர்கள்தான் கூட நாடகங்களுக்கு வந்தார்கள். நாடகம் எல்லோருக்கும் ஒன்றுதான். கொடுத்த காசு வீணாகக் கூடாது என்ற எண்ணம் காலைப் பிடித்து இழுத்து வந்திருக்கிறது. காசு ஏற்கெனவே போய்விட்டது, உட்கார்ந்திருந்தால் திரும்பி வராது, கூட நேரமும் போகும் என்று தெரிந்தாலும் உட்கார்ந்திருப்போம். கொழும்பில் டிக்கெட்டோடு ஆட்டோ, வாகனத் தரிப்பு, பிள்ளைகளுக்குப் பொப்கோர்ன் என்று சேர்ந்தால் அந்தக் கயிறு இன்னும் தடிப்பு. மூன்று பேர் சேர்ந்து போனால் மூவரில் யாரும் முதலில் ‘போவமா’ என்று கேட்கமாட்டார்கள், மற்ற இருவரும் ரசிக்கிறார்களோ என்ற மரியாதை.

கடைசி இருபது நிமிடத்துக்கு ஏன் அவ்வளவு பலம் என்பதற்கும் ஒரு ஆய்வு இருக்கிறது. 1996 இல் ரெடெல்மையரும் டானியல் கானமனும் குடலுக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் பரிசோதனைக்கு வந்த நோயாளிகளிடம் வலியைக் கேட்டுக் குறித்தார்கள். (இந்த ஒப்பீட்டை நான் வேண்டுமென்று தேடவில்லை.) எவ்வளவு நேரம் நீண்டது என்பது நினைவில் அநேகமாக நிற்கவில்லை. மிக மோசமான கணமும் கடைசிக் கணங்களுமே மனதில் நின்றன. படத்துக்கும் இது பெரும்பாலும் சரியாக வருகிறது. கடைசிப் பத்து நிமிடம் நெஞ்சைத் தொட்டால் நடுவில் கிடந்த முக்கால் மணித்தியாலத்தை மன்னித்துவிட்டு வருவோம். மூன்று மணித்தியாலப் படத்தின் முடிவு பொய்த்தால் மூன்று மணித்தியாலமும் பொய்த்ததாக வீடு வருவோம். இயக்குநர்களுக்கும் இது தெரியும். தெரிந்தபடியால்தான் ஒரு உச்சக்காட்சி போதாது என்று மூன்று வைக்கிறார்கள். முதலாவது முடிந்ததும் கைப்பையைத் தேடுவோம், பிறகு திரும்ப வைப்போம். மூன்றாவது தடவை கைப்பையைத் தேடுகிற ஆளிடம் எந்த உச்சமும் வேலை செய்யாது. உவன் சாகவேண்டும், அவ்வளவுதான்.

அன்று ஆட்டோ கிடைக்க அரை மணித்தியாலம் பிடித்தது. வெள்ளவத்தையில் இறங்கியபோது கொத்துக் கடையில் தட்டுச் சத்தம் மட்டும் கேட்டது, மற்றக் கடைகள் எல்லாம் பூட்டு. மாமி அதற்குப் பிறகு ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார். படத்துக்குக் கூப்பிட்டால் நடிகர் யார் என்று கேட்பதற்கு முன் ‘எத்தினை மணித்தியாலம்?’ என்று கேட்பார். இரண்டரைக்கு மேல் என்றால் முழங்கால் நோகிறது.

போன மாதம் 112 நிமிடப் படம் ஒன்றைக் கண்டுபிடித்துக் கூட்டிப்போனேன். அளவான படம். பாட்டு இல்லை, பிளாஷ்பேக் இல்லை, வில்லன் ஒரே தடவையில் செத்தான். எனக்கு நல்ல திருப்தி. விளக்கு எரிந்ததும் மாமி சுற்றிப் பார்த்தார். மடியில் ரோல்ஸ் பாதி தின்றபடி இருந்தது.

“முடிஞ்சுதோ?”

“ஓம், மாமி.”

“இவ்வளவுதானோ? இதுக்கே சாறி உடுத்துக்கொண்டு வந்தனான்?”